துளைத்தெடுக்கும் கேள்விகள்

புதுக்குடித்தனம், தாம்பரம்

கே: சொந்த ஃபிளாட்டுக்குக் குடிவந்திருக்கிறோம். கார்ட்லெஸ் டிரில் ஒன்று வாங்கலாம் என்று தேடினால் நூறு மாடல் வந்து நிற்கிறது. எதை வாங்குவது?

ப: மாடல் கிடக்கட்டும். ஒரு தாளை எடுத்து வீட்டில் என்னென்ன வேலை பாக்கி என்று எழுதுங்கள். திரைச்சீலைக் கம்பி, பாத்ரூம் கண்ணாடி, சாமி படம், கொடிக்கயிற்றுக்கு ஹூக் என்று பட்டியல் நீண்டால் உங்களுக்கு வேண்டியது சுவரில் ஓட்டை. அதற்கு ஒயர் வைத்த 13 எம்.எம். இம்பாக்ட் டிரில்தான் லாயக்கு. நல்ல கார்ட்லெஸ்ஸில் ஏறக்குறைய பாதி விலைக்கே கிடைக்கும். ஐந்து வருடம் பரணில் தூங்கினாலும் பிளக்கைச் சொருகியதும் எழுந்து ஓடும். பேட்டரிக்கு அந்த விசுவாசம் கிடையாது.

பட்டியலில் அலமாரிக் கீல், கதவுத் தாழ்ப்பாள், பார்சலில் பலகை பலகையாக வந்து இறங்கிய ஷூ ரேக், பிளைவுட்டில் துளை என்று இருந்தால் கார்ட்லெஸ் எடுங்கள். ஸ்க்ரூ வேலையில் அதை அடித்துக்கொள்ள வேறு ஆயுதம் இல்லை.

இரண்டும் கலந்து வந்தால் (பெரும்பாலான வீடுகளில் அப்படித்தான் வரும்) 12 வோல்ட்டில், கழுத்து வளையத்தில் சுத்தியல் படம் போட்ட மாடலாகப் பாருங்கள். பெயர் பெற்ற கம்பெனிகளில் இரண்டு பேட்டரி, சார்ஜர், பெட்டி எல்லாம் சேர்த்து சுமார் 5,000 முதல் 7,000 ரூபாய். செங்கல் சுவரில் 6 எம்.எம்., 8 எம்.எம். துளையை முகம் சுளிக்காமல் போடும். கான்கிரீட்டில் திணறும். திணறட்டும். வருடத்துக்கு நாலு கான்கிரீட் ஓட்டைக்காகப் பெரிய மெஷின் வாங்குவதைவிட, எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஓட்டைக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுத்து அனுப்பிவிடலாம்.

கை ஓய்ந்தவர், மேடவாக்கம்

கே: ஜன்னலுக்கு மேலே திரைச்சீலைக் கம்பிக்குத் துளை போடுகிறேன். ஒரு விரற்கடை போனதும் அப்படியே நின்றுவிடுகிறது. மெஷின் மட்டமா?

ப: முதலில் டிரிக்கருக்கு மேலே இருக்கும் தள்ளு பொத்தானைப் பாருங்கள். அது ரிவர்ஸில் இருந்தால் பிட் தலைகீழாகச் சுற்றி, சுவருக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருக்கும். சிரிக்க வேண்டாம். மெஷினைக் கடைக்காரரிடம் எடுத்துப்போய்ச் சண்டை போட்ட பிறகு இதைத் தெரிந்துகொள்வதைவிட இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

பொத்தான் சரியாக இருந்தால் நீங்கள் மோதிக்கொண்டிருப்பது லிண்டல். ஜன்னல், வாசல் தலைக்கு மேல் சுவரின் பாரத்தைத் தாங்குவதற்காகக் கம்பி கட்டி வார்த்த கான்கிரீட் பட்டை. நம் ஊரில் டிரில் வாங்குகிறவர்கள் முதலில் செய்யும் வேலை திரைச்சீலைக் கம்பி. அதை மாட்டும் இடமோ வீட்டிலேயே கெட்டியான இடம். புது மெஷினின் மேல் வரும் முதல் அவநம்பிக்கைக்குக் காரணம் பெரும்பாலும் இந்த விதிதான்.

எங்கே துளைக்கிறோம் என்பதைத் தூளே சொல்லிவிடும். முதல் அரை அங்குலம் சாம்பல் நிறத்தில் கொட்டினால் அது சிமென்ட் பூச்சு. அதற்குப் பிறகு சிவப்பாகக் கொட்டினால் செங்கல், கொண்டாடுங்கள். வெள்ளையாக மாவு போல வந்தால் லேசான ஏ.ஏ.சி. கல், வேகமாக உள்ளே போகும், அதே வேகத்தில் ஸ்க்ரூவும் வெளியே வரும், பார்த்துச் செய்யுங்கள். சாம்பல் நிறம் மாறாமல், பிட்டும் நகராமல், சத்தம் மட்டும் கீச்சென்று உயர்ந்தால் கான்கிரீட். அழுத்தாதீர்கள். பிட்டின் முனைதான் எரியும்.

லிண்டல் பெரும்பாலும் அரை அடி உயரம் இருக்கும். அதைத் தாண்டி மேலே ஏறினால் செங்கல் வந்துவிடும். திரைச்சீலை கொஞ்சம் உயரமாகத் தொங்கினால் அறைக்கும் அழகுதான். பக்கவாட்டில் நகர்ந்து தப்பிக்கலாம் என்று பார்க்காதீர்கள். லிண்டல் ஜன்னல் ஓரத்தைத் தாண்டி இரு பக்கமும் நீண்டிருக்கும்; சில வீடுகளில் வீட்டையே சுற்றி ஓடும். அலுமினிய ஷட்டரிங் அடித்து வார்த்த புது அடுக்குமாடி என்றால் மேலேயும் கீழேயும் எங்கே போனாலும் கான்கிரீட்தான். அங்கே ரோட்டரி ஹேமர் வைத்திருப்பவரைக் கூப்பிடுங்கள்.

இம்பாக்ட் டிரில்லுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று அடுத்த வாரம் எழுதிக் கேட்பீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். இம்பாக்ட் டிரில்லுக்குள் பல் வைத்த இரண்டு தட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி இறங்கும். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் தட்டும். ஒவ்வொன்றும் செல்லத் தட்டல். அதனால்தான் நாம் முழு பலத்தோடு தள்ளவேண்டியிருக்கிறது. ரோட்டரி ஹேமரில் பிஸ்டன் காற்றை அமுக்கி, அந்த அழுத்தத்தில் ஒரு இரும்புக் குண்டு பிட்டின் முதுகில் அறையும். அடிகள் குறைவு, ஒவ்வொன்றும் கனம். தள்ளவே வேண்டாம், பிடித்துக்கொண்டால் போதும். அதற்குத் தனி பிட், எஸ்.டி.எஸ். பிளஸ் என்று கேட்க வேண்டும்; சாதாரண டிரில்லில் அது பொருந்தாது.

கணக்கில் 35, விருதுநகர்

கே: 12 வோல்ட், 18 வோல்ட், 20 வோல்ட் மேக்ஸ். எது எதைவிடப் பெரியது?

ப: 35 மார்க்குக்கு இந்தக் கணக்கு வரும். லித்தியம் அயான் செல் ஒன்றுக்கு 3.6 வோல்ட், முழு சார்ஜில் 4.2 தொடும். மூன்று செல் சேர்ந்தால் 10.8, முழு சார்ஜில் 12.6. இதைத்தான் 12 என்று விற்கிறார்கள். ஐந்து செல் சேர்ந்தால் 18, முழு சார்ஜில் 21. ஐரோப்பாவில் 18 என்று பெட்டியில் அச்சடிக்கும் டிவால்ட், அமெரிக்காவில் அதே ஐந்து செல்லை 20 மேக்ஸ் என்கிறது. ஆகவே 18-க்கும் 20-க்கும் வித்தியாசம் பெட்டியின் மேல்தான். 12-க்கும் 18-க்கும் உள்ள வித்தியாசம் நிஜம்: பலமும் கூடும், பாரமும் கூடும்.

பக்கத்தில் இருக்கும் ஆம்பியர்-அவர் எண்ணையும் பாருங்கள். 18 வோல்ட், 2 ஆம்பியர்-அவர் என்றால் பெருக்கி 36 வாட்-அவர். பேட்டரிக்குள் இருக்கும் சரக்கு அவ்வளவு. எண் கூடினால் நீண்ட நேரம் ஓடும். வீட்டுக்கு 2 ஆம்பியர்-அவரில் இரண்டு பேட்டரி வைத்துக்கொள்வது, 4-ல் ஒன்று வைத்துக்கொள்வதைவிடப் புத்திசாலித்தனம். ஒன்று சார்ஜில் இருக்கும்போது மற்றது வேலை செய்யும்.

ஆஃபர் பிரியர், ஓசூர்

கே: ஆன்லைனில் 48 வி.எஃப். டிரில், 24 உதிரிகள் இலவசம், 1,499 ரூபாய். வாங்கட்டுமா?

ப: 48 வோல்ட்டுக்கு 13 செல் வேண்டும். அந்தக் கைப்பிடிக்குள் 13 செல் நுழைய வேண்டுமானால் வரிசையில் டோக்கன் கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும். வி.எஃப். என்று ஒரு அளவே உலகத்தில் கிடையாது. உள்ளே இருப்பது மூன்று செல்லாகவோ ஐந்து செல்லாகவோ இருக்கும். 24 இலவச உதிரிகளில் வெண்ணெயில் செய்த பிட்கள் எத்தனை என்பது முதல் ஸ்க்ரூவில் தெரியும்.

பெட்டி பிரிக்காத வீட்டுக்காரரின் மனைவி, திருநெல்வேலி

கே: என் வீட்டுக்காரர் டிரில் வாங்கி ஒரு வருடம் ஆகிறது. பெட்டியையே பிரிக்கவில்லை. என்ன செய்யலாம்?

ப: அவரை ஒன்றும் செய்ய முடியாது அம்மா, பேட்டரியைக் காப்பாற்றுவோம். லித்தியம் பேட்டரி சும்மா இருந்தாலே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். ஒரு அளவுக்குக் கீழே போய்விட்டால் சார்ஜரே அதை ஏற்றுக்கொள்ள மறுத்துவிடும். இன்றே எடுத்துச் சார்ஜ் போடுங்கள். பிறகு பாதி சார்ஜில் வைத்து, மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை எட்டிப் பாருங்கள். மாடி வெயில் இறங்கும் பரணிலோ, சித்திரை மாதத்துக் காருக்குள்ளோ வைக்கக்கூடாது. சூடுதான் பேட்டரிக்கு எமன். வேலை முடிந்து சூடாக இருக்கும் பேட்டரியை ஆறவிட்டுச் சார்ஜ் போடுவதும் அதனால்தான்.

வாரண்டி பில் தேதியிலிருந்து ஓடும், பெட்டி பிரித்த தேதியிலிருந்து அல்ல. இதை மட்டும் அவர் காதில் விழும்படி சொல்லுங்கள்.

குழம்பியவர், நாகர்கோவில்

கே: சக்குக்குப் பின்னால் உள்ள வளையத்தில் 1 முதல் 20 வரை எண்கள் இருக்கின்றன. ஸ்பீடா அது? எப்போதும் 20-லேயே வைத்துக்கொள்ளலாமா?

ப: ஸ்பீடு உங்கள் விரலிலும், மெஷினின் தலையில் இருக்கும் 1, 2 கியரிலும் இருக்கிறது. வளையம் கிளட்ச். ஸ்க்ரூ எவ்வளவு இறுகியதும் மெஷின் விட்டுவிட வேண்டும் என்று அதில் சொல்லி வைக்கிறோம். அந்த அளவு வந்ததும் டர்ர்ர் என்று சத்தம் போட்டுச் சுற்றுவதை நிறுத்திக்கொள்ளும். மெஷின் உடைந்துவிட்டது என்று பயந்து வாசலுக்கு ஓடியவர்கள் உண்டு.

என்னைக் கேட்டால், கார்ட்லெஸ் டிரில்லில் காசு கொடுத்து வாங்கத்தக்க அம்சம் இந்த வளையம்தான். பார்சலில் வரும் ஸ்டடி டேபிள், ஷூ ரேக் எல்லாம் பார்ட்டிகிள் போர்டு. மரத்தூளை ஒட்டி அழுத்திய பலகை. அதில் ஸ்க்ரூவை அரைச் சுற்று அதிகம் திருப்பினால் உள்ளே மரை கழன்று, பிறகு பிறந்த நாள் மெழுகுவத்தி போல் நிற்கும், பிடிக்காது. 3 அல்லது 4-ல் ஆரம்பியுங்கள். ஸ்க்ரூவின் தலை பலகையோடு சமமாக உட்காராமல் கிளட்ச் விட்டுவிட்டால் ஒவ்வொரு எண்ணாக ஏற்றுங்கள். சரியான எண் கிடைத்ததும் மீதி இருக்கும் முப்பது ஸ்க்ரூவும் ஒரே அளவில் இறங்கும். கையால் திருகினால் கடைசி பத்துக்கு வரும்போது கைக்குப் பதிலாகக் கோபம்தான் திருகிக்கொண்டிருக்கும்.

சுவிட்ச் போர்டு பிளேட்டை மெஷினிடமே கொடுக்காதீர்கள். பிளாஸ்டிக் விரிசல் விட்டபின் கிளட்ச் விட்டு என்ன பயன். துளை போடும்போது வளையத்தை டிரில் படத்துக்குத் திருப்பிவிடுங்கள். இல்லையென்றால் பாதியில் டர்ர்ர்.

தச்சர் மீது சந்தேகம் உள்ளவர், கும்பகோணம்

கே: மெஷினால் ஸ்க்ரூ முடுக்கினால் ஸ்டார் தலை வழுக்கி மொட்டையாகிவிடுகிறது. எங்கள் ஆசாரி சுத்தியலால் முக்கால்வாசி அடித்துவிட்டுக் கடைசியில் நாலு திருகு திருகுகிறார். அவர் செய்வதுதான் சரியோ?

ப: அவர் ஸ்க்ரூவை ஆணியாக்கிவிட்டு, மரியாதைக்குத் திருகுகிறார். மரையைச் சுற்றியிருக்கும் மரநாரைச் சுத்தியல் கிழித்துவிடும். அந்தக் கதவு சில வருடங்களில் கீலோடு தொங்கும்போது பழி மரத்தின் மேல் விழும்.

உங்கள் பிரச்சினைக்கு வருவோம். ஸ்டார் என்று நாம் சொல்லும் பிலிப்ஸ் தலை, 1930-களில் அமெரிக்கக் கார் தொழிற்சாலைகளின் வழியாக உலகம் முழுக்கப் பரவியது. அதன் குழி உள்ளே போகப் போகக் குறுகும். பிட் தானாக நடுவில் போய் உட்கார்வதற்கு அது வசதி. அதே சரிவில் ஏறித்தான், திருகு இறுகும்போது பிட் வெளியே வழுக்குகிறது. மருந்து மூன்று. பிட்டின் அளவு பொருந்த வேண்டும்: வீட்டு ஸ்க்ரூக்களில் பெரும்பாலானவற்றுக்கு பி.எச். 2, சின்னதுக்கு பி.எச். 1. குழிக்குள் வைத்து ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்றால் அளவு தப்பு. அடுத்து, மெஷினை ஸ்க்ரூவுக்கு நேராகப் பிடித்து, சுற்றும் பலத்தைவிடத் தள்ளும் பலத்தை அதிகமாகக் கொடுங்கள். 1-ஆம் கியரில், மெதுவாக.

மூன்றாவது, முன்துளை. 8 நம்பர் ஸ்க்ரூவுக்குத் தேக்கில் 3 எம்.எம். பிட்டால் ஒரு துளை போட்டு, மரையில் கொஞ்சம் துணி சோப்பைத் தேய்த்து இறக்குங்கள். வெண்ணெயில் கத்தி என்று சொல்லத் தோன்றுகிறது, ஆனால் வெண்ணெயை மேலே செலவழித்துவிட்டேன். பித்தளை ஸ்க்ரூ என்றால் அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை முதலில் ஏற்றி இறக்கிவிட்டு, அந்த வழியில் பித்தளையை விடுங்கள். பித்தளையை நேராக விட்டால் தலை முறிந்து கையோடு வரும், உடல் மரத்திலேயே தங்கிவிடும்.

மொட்டையாகிப்போன பிட்டைத் தூக்கிப் போடுங்கள். 6,000 ரூபாய் மெஷின் வாங்கியவர் 60 ரூபாய் பிட்டுக்குக் கணக்குப் பார்த்து, அந்தப் பிட்டால் 600 ரூபாய்க்கு ஸ்க்ரூக்களைக் கெடுப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

விண்வெளி ரசிகன், ஸ்ரீஹரிகோட்டா பக்கம்

கே: கார்ட்லெஸ் டிரில்லைக் கண்டுபிடித்தது நாசாவாமே?

ப: நல்ல கதை, வருடம்தான் ஒத்துழைக்கவில்லை. பிளாக் அண்ட் டெக்கர் கம்பெனி நிக்கல் காட்மியம் பேட்டரியில் ஓடும் டிரில்லை 1961-லேயே விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. நாசாவுக்கு அவர்கள் உதவியது பிறகு. 1971-ல் அப்பல்லோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் பேட்டரி டிரில்லால் நிலாவின் தரையைத் துளைத்தார். அங்கேயும் நினைத்த ஆழம் போகவில்லை. மண் மாதிரியோடு இறங்கிய குழாயை வெளியே இழுப்பதற்குள் இரண்டு வீரர்களுக்கும் போதும் போதுமென்றாகிவிட்டது. அடுத்த பயணத்துக்குத் துளையிடும் தண்டின் அமைப்பையே மாற்ற வேண்டியிருந்தது. பிட் சரியில்லையென்றால் நிலாவிலும் இதே கதிதான்.

‘உனக்கெதற்கு’ என்று கேட்கப்பட்டவர், மயிலாடுதுறை

கே: எனக்கு 58 வயது. வீட்டில் சின்னச் சின்ன வேலைகளை நானே செய்ய ஆசை. டிரில் வேண்டுமென்றால் பையன், மருமகள், வீட்டுக்காரர் எல்லாரும் உனக்கெதற்கு என்கிறார்கள்.

ப: இவர்களிடம் கடிகாரம் மாட்டச் சொல்லி அது எத்தனை மாதம் மேஜையில் கிடந்தது என்று திருப்பிக் கேளுங்கள்.

உங்களுக்கு 12 வோல்ட். பேட்டரியோடு ஒரு கிலோ பக்கம்தான் இருக்கும். 18 வோல்ட் பெரும்பாலும் ஒன்றரை கிலோ பக்கம் வரும். தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கும்போது அந்த அரை கிலோ இரண்டு கிலோவாகத் தெரியும். பெட்டியைப் பார்த்து வாங்காமல் கடையில் பேட்டரியை மாட்டச் சொல்லிக் கையில் வாங்கிப் பாருங்கள். பிடியை மாற்றாமல் கட்டைவிரல் ரிவர்ஸ் பொத்தானை எட்டுகிறதா, ஆள்காட்டி விரல் டிரிக்கரில் வசதியாக உட்காருகிறதா என்பது வோல்ட்டைவிட முக்கியம். சக் 10 எம்.எம். போதும்.

வேலைக்கு முன் முந்தானையை இழுத்துச் சொருகி, பின்னலைக் கொண்டையாக்கி, வளையலைக் கழற்றிவிடுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். கையுறை கூடாது, சுற்றும் சக் துணியைப் பிடித்தால் கையையும் சேர்த்துத்தான் இழுக்கும். உங்கள் வீட்டுக்காரர் தோளில் துண்டோடு வந்து ‘நான் பண்றேன் கொடு’ என்றால், முதலில் துண்டை வாங்கி வையுங்கள்.

பெற்றோர், திருச்சி

கே: பையன் அமெரிக்காவிலிருந்து வருகிறான். அங்கே டிரில் மலிவாமே, வாங்கிவரச் சொல்லலாமா?

ப: டிரில் வரும். அதனோடு 120 வோல்ட் சார்ஜரும் வரும். நம் வீட்டில் 230. சொருகினால் அது உங்கள் வீட்டில் விடும் முதல் மூச்சும் கடைசி மூச்சும் ஒன்றாகிவிடும். சார்ஜரின் முதுகில் 100-240 என்று அச்சாகி இருந்தால் தப்பியது. அமெரிக்க டூல்ஸ் சார்ஜர்களில் அது அபூர்வம். வாரண்டியும் பெரும்பாலும் அந்த நாட்டோடு சரி. எல்லாம் கேட்ட பிறகும் ஆசை விடவில்லையென்றால், மெஷினை லக்கேஜில் போட்டு, கழற்றிய பேட்டரிகளைக் கைப்பையில் கொண்டுவரச் சொல்லுங்கள். விமானத்தில் தனி பேட்டரி சரக்கு அறைக்குள் போகக்கூடாது.

ஒரே பெயர் இரண்டு மெஷின், ஈரோடு

கே: இம்பாக்ட் டிரில், இம்பாக்ட் டிரைவர் இரண்டும் ஒன்றா?

ப: ஒன்று முன்னோக்கி இடிக்கும், சுவருக்கு. மற்றது சுற்றும் திசையில் இடிக்கும், நீளமான ஸ்க்ரூவுக்கும் போல்ட்டுக்கும். டிரைவருக்கு மூன்று தாடை சக் கிடையாது, அறுகோணத் துளை மட்டும். கிளட்ச் வளையமும் இருக்காது. ஷெட் போடுகிறவர்களுக்கு அது வரம். ஷூ ரேக்குக்கு அதை எடுத்தால் ரேக் இருக்காது, ஷூ மட்டும் இருக்கும்.

சிக்கனம், காரைக்குடி

கே: பிரஷ்லெஸ் மோட்டார் என்று 2,000 ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார்கள். தேவையா?

ப: தினமும் ஓட்டுகிறவருக்குத் தேவை: தேயும் கார்பன் பிரஷ் கிடையாது, பேட்டரி நீடிக்கும். உங்கள் டிரில் பிரஷ் தேய்ந்து நிற்க வேண்டுமானால் செட்டிநாட்டுக் கதவு அத்தனைக்கும் கீல் மாற்ற வேண்டும்.

வழுக்கும் வாழ்க்கை, புதுச்சேரி

கே: பாத்ரூம் டைல்ஸில் துளை போட்டால் பிட் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. போன தடவை டைலே பிளந்துவிட்டது.

ப: ஹேமரில் வைத்துப் போட்டிருப்பீர்கள். டைல் தாண்டும் வரை ஹேமர் ஆகாது. மாஸ்கிங் டேப்பைக் குறுக்கே ஒட்டி, அதன்மேல் புள்ளி வைத்து, ஈட்டி முனை உள்ள டைல் பிட்டால் மெதுவாக ஆரம்பியுங்கள். பின்னால் சிமென்ட் வந்ததும் சுவர் பிட்டுக்கு மாறி, அப்போது ஹேமரைப் போடுங்கள். ஓரத்திலிருந்தும் மூலையிலிருந்தும் தள்ளியே இருங்கள்.

இது சாதாரண செராமிக் டைலுக்கு. விட்ரிஃபைடு என்றால் ஈட்டி முனை மழுங்கிவிடும். வைரத்தூள் ஒட்டிய குழாய் பிட் வேண்டும், தண்ணீர் தெளித்துக்கொண்டே அறுக்க வேண்டும். ஈரச் சுவரில், சொட்டும் தண்ணீரில், கையில் 230 வோல்ட் ஒயரோடு நிற்பதைவிட 12 வோல்ட் பேட்டரியோடு நிற்பது எவ்வளவு நிம்மதி என்று சொல்ல வேண்டியதில்லை. ஒயர் டிரில்லை ஆதரித்தே பேசுகிற நான் கட்சி மாறும் இடம் இது.

ஷாக் அடித்த அனுபவசாலி, வேலூர்

கே: சுவருக்குள் ஒயர் எங்கே போகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ப: சுவிட்ச் போர்டிலிருந்து ஒயர் நேர் மேலேயோ நேர் கீழேயோதான் பெரும்பாலும் போகும். ஆகவே போர்டின் அகலத்துக்குத் தரையிலிருந்து கூரை வரை ஒரு பட்டை போட்டுக்கொண்டு, அதற்குள் துளைக்காதீர்கள். பாத்ரூமில் குழாய், ஷவர், கீசர் இவற்றுக்கு மேலும் கீழும் அதே விதி, அங்கே தண்ணீருக்காக. சந்தேகமிருந்தால் அந்த அறையின் எம்.சி.பி.யை இறக்கிவிட்டுத் துளையுங்கள். கரண்ட் இல்லாமலும் கார்ட்லெஸ் ஓடும். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 முதல் மின்தடை என்று பேப்பரில் பார்த்தால், அதுதான் முகூர்த்த நாள்.

புது வீடு கட்டுகிறவர்கள் பூச்சுக்கு முன் ஒவ்வொரு சுவரையும் செல்போனில் படம் எடுத்து வையுங்கள்.

பழைய பள்ளி, மன்னார்குடி

கே: அந்தக் காலத்தில் மரக்கட்டையைச் சுவரில் அடித்து, அதில் ஆணி அடிப்போம். இப்போது பிளாஸ்டிக் பிளக். எது உறுதி?

ப: கட்டை காய்ந்து சுருங்கினால் ஆணியோடு குடும்பமாக வெளியே வரும். அந்தத் தலைவலிக்கு லண்டனில் ஜான் ஜோசப் ராலிங்ஸ் 1911-ல் கண்ட மருந்து சணல் நாரில் செய்த பிளக். அவர் பெயரில்தான் ராவல் பிளக். பிரிட்டிஷ் மியூசியத்துச் சுவரைச் சேதப்படுத்தாமல் மின்சார வேலை செய்ய வேண்டியிருந்ததாம். இப்போது நம் கையில் இருக்கும் நைலான் வகை, ஜெர்மனியில் ஆர்த்தூர் ஃபிஷர் 1958-ல் செய்ததன் வாரிசு. ஸ்க்ரூ உள்ளே போகப் போக விரிந்து சுவரைப் பிடிக்கும்.

விதி எளிது. 6 எம்.எம். பிளக்குக்கு 6 எம்.எம். துளை. ஆழம் பிளக்கின் நீளத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். பிட்டில் அந்த இடத்தில் டேப் சுற்றிக்கொண்டால் கண்ணுக்குத் தெரியும். உள்ளே இருக்கும் தூளை ஊதி வெளியேற்றுங்கள், கண்ணை மூடிக்கொண்டு. துளை பெரிதாகிவிட்டால் தீக்குச்சி சொருகும் வைத்தியம் காலண்டருக்குச் சரி. அலமாரிக்கு 8 எம்.எம். பிளக்காக மாற்றுங்கள். ஹாலோ பிளாக் சுவரில் ஹேமர் போடாமல் துளைத்து, அதற்கென்று உள்ள நீள பிளக்கைக் கேட்டு வாங்குங்கள். டி.வி. ஸ்டாண்ட், ஃபேன் ஹூக் இரண்டையும் மட்டும் விட்டுவிடுங்கள். தலைக்கு மேல் தொங்குவதில் கற்றுக்குட்டித்தனம் வேண்டாம்.

சோம்பேறி, கோவை

கே: டிரில்லே வேண்டாம், 3.6 வோல்ட் கார்ட்லெஸ் ஸ்க்ரூடிரைவர் மட்டும் வைத்துக் காலம் தள்ள முடியாதா?

ப: தாராளமாக. ஒரே ஒரு செல், உள்ளங்கை அளவு, மேஜை டிராயரிலேயே கிடக்கும். எடுப்பதற்குச் சோம்பல் வராது என்பதே அதன் பெரிய தகுதி. பாஷ் 2003-ல் லித்தியம் பேட்டரியோடு கொண்டுவந்த இக்ஸோ இந்த வகையில் பெயர் பெற்றது. கைப்பிடி, கீல், பொம்மை பேட்டரி மூடி, கேரம் போர்டு கால் எல்லாம் நடக்கும். இறுகிய பழைய ஸ்க்ரூவைக் கழற்றச் சொன்னால் மட்டும் முனகிவிட்டு நின்றுவிடும். அப்போது கையால் ஒரு அரைச் சுற்று உதவுங்கள். துளை போடச் சொல்லாதீர்கள்.

வாடகைதாரர், வடபழனி

கே: ஆணி அடிக்கக்கூடாது என்று ஹவுஸ் ஓனர் அக்ரிமென்ட்டிலேயே எழுதியிருக்கிறார். டிரில் பண்ணலாமா?

ப: ஆணிதானே கூடாது என்று வாதாடினால் ஜெயிப்பீர்கள், வேறு வீடும் தேடுவீர்கள். கேட்டுவிட்டுப் போடுங்கள். காலி செய்யும்போது பிளக்கை உருவி, புட்டியை அடைத்து, தேய்த்து, அதே பெயின்ட்டைத் தொட்டுவிட்டுப் போங்கள். சுத்தமான 6 எம்.எம். துளையை அடைப்பது, ஆணி பெயர்த்த பள்ளத்தை அடைப்பதைவிடச் சுலபம். இதைச் சொல்லியே அவரிடம் அனுமதி கேட்கலாம்.

தர்மசங்கடம், சேலம்

கே: டிரில் வாங்கிய செய்தி பரவி, எதிர்வீட்டு அண்ணாச்சி இரவல் கேட்கிறார்.

ப: மெஷினைக் கொடுங்கள், பிட்டைக் கொடுக்காதீர்கள். மெஷின் திரும்பி வரும். 6 எம்.எம். பிட் வராது. வந்தாலும் மூக்கு கருகி, நீலம் பாரித்து வரும்.

பக்திமான், மதுரை

கே: ஆயுத பூஜைக்கு டிரில்லுக்குச் சந்தனம், குங்குமம் வைக்கலாமா?

ப: பேட்டரியைக் கழற்றிவிட்டு வையுங்கள். ஈரச் சந்தனம் பேட்டரியின் செம்புப் பட்டைகளில் இறங்கக்கூடாது. பின்பக்கம் காற்றுப் போகும் துவாரங்களில் குங்குமம் விழக்கூடாது, உள்ளே மோட்டார் இருக்கிறது. பெட்டியின் மூடியில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தால் சரஸ்வதி கோபித்துக்கொள்ள மாட்டாள்.